விலையைக் கேட்காதே, எத்தனை மாசம் என்று கேள்

தங்கச்சிக்கு,

கட்டுநாயக்க போர்டிங்கை விட்டு, கல்யாணமும் முடிந்து, இப்போது கண்டியில் தனிக்குடித்தனத்துக்கு வீடு தேடுகிறாய். சோபா செட் எங்கே மலிவு, ஃப்ரிட்ஜ் எந்தக் கடையில் குறைவு, தங்கம் இப்போது வாங்கலாமா இல்லை இன்னும் இறங்குமா என்று வாட்ஸ்அப்பில் கேள்வி மேல் கேள்வி. கடைப் பெயர் சொல்வது லேசு. நாளைக்கே பக்கத்துக் கடையில் இன்னும் குறைத்துக் கொடுப்பான். அதனால் கடைகளை விட்டுவிட்டு, காசு எந்த வழியால் போகிறது என்று எழுதுகிறேன். டவுனில் ஒரு கம்பனியின் கணக்குப் பிரிவில் இருந்து மற்றவர்களின் சம்பளச் சீட்டைப் பார்த்துப் பார்த்து வந்த புத்தி இது. அதிலும் 'கழிவுகள்' என்கிற பக்கத்தைப் பார்த்து வந்ததுதான் அதிகம்.

ஒரே தடவையில் கொடுத்த காசுக்கு இரண்டு நாள் வயிறெரியும், பிறகு மறந்துபோகும். மாசாமாசம் போகிற காசு அப்படி மறக்க விடாது. வாடகை, தவணை, லீசிங், குழுக்கடன், சீட்டு, பஸ் காசு, கரண்ட் பில் எல்லாம் சம்பளம் கைக்கு வருவதற்கு முன்பே வாசலில் வந்து நிற்கும். இவை எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்து, சம்பளத்தில் பாதியைத் தாண்டினால் நீ எவ்வளவு சம்பாதித்தாலும் கஷ்டப்பட்டவள்தான். ஆகவே எந்தப் பொருளைக் கண்டாலும் 'எவ்வளவு?' என்று கேட்பதற்கு முன் 'எத்தனை மாசம்?' என்று கேள்.

2022 உனக்கு ஞாபகம் இருக்கும். 1,500 ரூபாய்க்குக் கீழே இருந்த 12.5 கிலோ கேஸ் சிலிண்டர் ஒரு வருஷத்துக்குள் 4,900ஐ எட்டியது. அந்த ஏப்ரலில் மத்திய வங்கி ஒரே நாளில் கொள்கை வட்டியை 7 வீதப் புள்ளி ஏற்றியது. செப்டம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 வீதம். எங்கள் தெருவில் அப்போது அதிகம் ஆடிப்போனது குறைந்த சம்பளக்காரர் என்று நினைக்காதே. அவர்கள் மரவள்ளியும் பலாக்காயும் அவித்துத் தாக்குப்பிடித்தார்கள். நல்ல சம்பளம் வாங்கி, அதை வேன் லீசிங், வீட்டுக் கடன், டிவி தவணை என்று முன்கூட்டியே பங்கு போட்டு வைத்தவர்கள்தான் நகையோடு அடகுக் கடைக்கு ஓடினார்கள். வட்டி 'மாறும் வட்டி' என்று கடன் பத்திரத்தில் எழுதியிருந்ததை அன்றைக்குத்தான் பலர் வாசித்தார்கள். நீ கையெழுத்துப் போடுவதற்கு முன்பே வாசி. மாறும் வட்டியா, மாறாத வட்டியா என்று வாய்விட்டுக் கேள்.

வீடு பார்க்கிற கணக்கு

கண்டியில் வாடகையை வாடகையாக மட்டும் பார்க்க முடியாது. குளத்தடியை விட்டால் எல்லாப் பக்கமும் ஏற்றம்: பஹிரவகந்த, அஸ்கிரிய, அம்பிட்டிய, ஹந்தானை. புரோக்கர் 'டவுனுக்குப் பத்து நிமிஷம், நடந்தே போகலாம்' என்பார். அது இறங்குகிற கணக்கு. சாமான் பையோடு, மழையோடு, நாளைக்கு வயிற்றில் பிள்ளையோடு ஏறுகிற கணக்கை அவர் சொல்லமாட்டார். மேட்டு வீட்டுக்கு வாடகை 5,000 ரூபாய் குறைவு என்று வை. ஆட்டோவுக்கு ஓர் ஏற்றம் 300 ரூபாய், கிழமைக்கு ஐந்து நாள் என்றால் மாசம் 6,000 ரூபாயைத் தாண்டும். குறைந்த வாடகை எங்கே போனது?

குண்டசாலை, திகன, பிலிமத்தலாவ என்று தள்ளிப் போனால் வீடு விசாலம், வாடகையும் குறைவு, உண்மைதான். ஆனால் டவுனுக்குள் வருகிற வழிகளோ கொஞ்சம். கட்டுகஸ்தோட்டைப் பக்கம், பேராதனைப் பக்கம், தென்னகும்புரப் பக்கம் மூன்றும் ஸ்கூல் விடுகிற, தொடங்குகிற நேரம் அடைத்துக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வீடு பார்க்கப் போனால் எல்லா ஊரும் பக்கத்தில்தான் இருக்கும். வேலை நாளில் காலை ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் ஒரு தடவை அந்த பஸ்ஸில் வந்து பார், மாலையில் திரும்பிப் பார், பிறகு அட்வான்ஸ் கொடு. ஒரு நாளைக்கு ஒன்றரை மணித்தியாலம் கூடுதலாகப் பயணம் என்றால் மாசம் 36 மணித்தியாலம், கிட்டத்தட்ட ஒரு வேலைக் கிழமை முழுக்க பஸ்ஸில் தொங்குவது. அந்த நேரத்தில்தான் சமையல் நடக்காமல் கொத்து ரொட்டி வாங்குவாய், அதுவும் பில்லில் சேரும். ரயில் பாதை ஓரமாக வீடு அகப்பட்டால் சீசன் டிக்கட் பார்க்கலாம். புயலுக்குப் பிறகு எந்த ரயில் எங்கே வரை ஓடுகிறது என்று ஸ்டேஷனிலேயே கேட்டுக்கொள்.

புயல் என்றதும் இன்னொன்று. 2025 நவம்பர் கடைசியில் டித்வா வந்தபோது கண்டி மாவட்டத்தில் மண்சரிவில் எத்தனை வீடு போனது என்று பார்த்தோம். வாடகை ஏன் இவ்வளவு குறைவு என்று மேட்டு வீட்டில் கட்டாயம் கேள். பின்பக்கம் மண்ணைத் தாங்கக் கட்டிய சுவர் வயிறு தள்ளி நிற்கிறதா, தரையில் நீளமான வெடிப்பு இருக்கிறதா, மரங்கள் சாய்ந்து நிற்கின்றனவா, மழைத் தண்ணீர் போக வழி இருக்கிறதா என்று உன் கண்ணால் பார். கிராம உத்தியோகத்தரிடம், தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் அந்த இடத்தைப் பற்றி ஏதாவது எச்சரித்திருக்கிறதா என்று கேள். அவர்களின் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு எச்சரிக்கையில் சிவப்பு என்றால் வீட்டை விட்டு வெளியேறு என்று அர்த்தம். மழைக்காலம் முழுக்க ராத்திரி கண் விழித்துக் கிடக்கிற வீடு இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

அட்வான்ஸ் காசை மாச வாடகையில் கழிப்பாரா, வீட்டை விடும்போது திருப்பித் தருவாரா என்பதை எழுத்தில் வாங்கு. சாவி வாங்குகிற அன்றே கரண்ட், தண்ணீர் மீட்டர் இரண்டையும் ஃபோட்டோ எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடு. சண்டை வராது.

அறுபது யூனிட்

கரண்ட் பில்லில் எல்லோரும் ஃபேனையும் லைட்டையும் அணைத்துக்கொண்டு திரிகிறார்கள். கண்டி ராத்திரிக்கு ஃபேனே பாதி நாள் தேவையில்லை. நீ பார்க்க வேண்டியது ஒரே ஓர் எண், 60.

வீட்டுப் பாவனைக்கு மின்சாரக் கட்டணம் இரண்டு பட்டியலாக இருக்கிறது. மாசம் 60 யூனிட்டுக்குள் நின்றால் ஒரு பட்டியல். 60ஐத் தாண்டினால் வேறு பட்டியல். 61ஆவது யூனிட்டுக்குத்தானே விலை கூடும் என்று நினைக்காதே. தாண்டியதும் முதல் 60 யூனிட்டுக்கும் கூடிய விலை, நிலையான கட்டணமும் வேறு. கட்டண வீதங்கள் அடிக்கடி மாறும். 2022 ஓகஸ்டில் சராசரியாக 75 வீதம் ஏறியது, 2023 பெப்ரவரியில் இன்னும் 66 வீதம், பிறகு இறங்கியும் ஏறியும் வந்தது. விலை எங்கே போனாலும் இந்த 60 என்கிற வேலி நிற்கிறது.

இரண்டு பேர் உள்ள வீட்டில் 60க்குள் நிற்கலாம். அதைக் கெடுப்பது சூடாக்குகிற சாமான்கள். குளியலறையில் உடனே தண்ணீர் சூடாக்குகிற ஹீட்டர் 3,000 வொட் என்று வை. பத்து நிமிஷம் ஓடினால் அரை யூனிட். இரண்டு பேர், முப்பது நாள்: 30 யூனிட். வேலியில் பாதி குளியலுக்கே போய்விட்டது. டிசம்பர், ஜனவரிக் குளிருக்கு ஒரு பானையில் தண்ணீர் வைத்துக் குளித்தால் கௌரவம் குறையாது. அயன்பெட்டியை நாளுக்கொரு சட்டை என்று போடாமல் கிழமைக்கு ஒரு தடவை மொத்தமாகத் தேய். சுடுதண்ணீர் கெட்டிலில் இரண்டு கப் தேநீருக்கு ஒன்றரை லீட்டர் கொதிக்க வைக்காதே.

ஞாயிற்றுக்கிழமைதோறும் மீட்டரைப் பார்த்து கலண்டரில் எழுது. நாலாவது கிழமை 55இல் நிற்கிறாய் என்று தெரிந்தால் மிச்ச நாளை சமாளிக்கலாம். பில் வந்த பிறகு தெரிந்து பிரயோசனம் இல்லை.

லேசான தவணை

'முற்பணம் இல்லை, மாசம் 13,000 மட்டும்' என்று ஒரு ஃப்ரிட்ஜ் நிற்கும். கையில் காசு கொடுத்தால் 120,000 என்று வைத்துக்கொள்வோம். பன்னிரண்டு மாசம் 13,000 என்றால் 156,000. 'முப்பது வீதம்தானே கூட' என்று விற்கிற பிள்ளை சிரித்துக்கொண்டு சொல்லும். அந்தக் கணக்கு பிழை. நீ 120,000ஐ ஒரு வருஷம் முழுக்க வைத்திருக்கவில்லை. முதல் மாசமே திருப்பிக் கட்டத் தொடங்கிவிட்டாய், ஆறாம் மாசம் கடனில் கிட்டத்தட்டப் பாதி போய்விட்டது. உண்மையான வருஷ வட்டி ஐம்பது வீதத்தைத் தாண்டும். இதே 13,000 ரூபாயை மாசாமாசம் உன் கணக்கிலேயே போட்டு வந்தால், பத்தாம் மாசம் ஃப்ரிட்ஜையும் வாங்கி, கையிலும் பத்தாயிரம் மிச்சம் வைத்திருப்பாய். அதுவரை? இரண்டு பேருக்கு அன்றாடம் சந்தையில் வாங்கிச் சமைத்தால் ஃப்ரிட்ஜ் இல்லாமல் ஒரு வருஷம் ஓட்டலாம். அரிசிப் பானையும் கறிச்சட்டியும் இருந்தால் போதும் என்று நான் சொல்லவில்லை. வாஷிங் மெஷின், ஃப்ரிட்ஜ், கேஸ் அடுப்பு எல்லாம் பெண்களின் முதுகைக் காப்பாற்றுகிற சாமான்கள், வாங்கத்தான் வேண்டும். ஒவ்வொன்றாக வாங்கு. ஒரு தவணை முடியாமல் அடுத்த தவணை தொடங்காதே. கிரடிட் கார்ட் வைத்திருந்தால் வட்டியில்லாத் தவணை வரும், அது நல்லது, கார்ட் பில்லை முழுசாகக் கட்டுகிறவளுக்கு மட்டும்.

எங்கள் குடும்பத்தில் முற்பணம் என்கிற சொல்லைக் கேட்டால் ஆச்சிக்கு முகம் மாறும். அதற்குக் காரணம் இருக்கிறது. தெல்தோட்டைப் பக்கத் தோட்டங்களுக்கு நம் ஆட்கள் வந்தபோது கப்பல் செலவு, வழிச் செலவு, அரிசி எல்லாம் கங்காணி பெயரில் கடனாக ஏறியது. வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், எவ்வளவு கடன் என்று எழுதிய துண்டு வேண்டும். புதுத் துரை அந்தக் கடனைக் கட்டித்தான் ஆளை எடுக்க முடியும். கட்டினால் கடன் போகாது, புதுத் தோட்டத்தின் பெயருக்கு மாறும். பிடிக்காத இடத்தை விட்டுப் போகிற சுதந்திரத்தை அந்தத் துண்டு பறித்தது. 1921இல் சட்டம் போட்டுத்தான் அதை ஒழித்தார்கள். இன்றைக்கும் எங்கள் அலுவலகத்தில் மேலதிகாரியின் ஏச்சைக் கேட்டுக்கொண்டு, வேறு வேலை கிடைத்தும் போகாமல் இருக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். கம்பனிக் கடன் கழிந்து முடியவில்லை, அதுதான் காரணம். தீபாவளி முற்பணம் கூட அப்படித்தான். வட்டியில்லாதது, எடுப்பதில் பிழையில்லை. ஆனால் அது போனஸ் இல்லை, அடுத்த மாசங்களின் அரிசிக் காசு. பட்டாசுக்கும் பட்டுச் சேலைக்கும் அதை முடித்துவிட்டுப் பொங்கலுக்கு வட்டிக்கு எடுப்பதை வருஷாவருஷம் பார்க்கிறேன்.

கையெழுத்து

கிழமைக் கடன், குழுக்கடன் என்று பெண்களைத் தேடி வருவார்கள். ஐந்து பேர் சேர்ந்து எடு, ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற நாலு பேரும் கட்டு என்பது அதன் ஏற்பாடு. 2018இல் இலங்கைக்கு வந்த ஐ.நா. நிபுணர் ஹுவான் பாப்லோ பொஹோஸ்லாவ்ஸ்கி இந்த நுண்கடன்களால் பெண்கள் படுகிற பாட்டைத் தன் அறிக்கையில் எழுதினார். அதே வருஷம் மத்திய வங்கி, உரிமம் பெற்ற கம்பனிகளின் நுண்கடனுக்கு 35 வீத வட்டி உச்சம் வைத்தது. உச்சமே 35 என்றால் பார்த்துக்கொள். கோழி வளர்க்க, தையல் மெஷின் வாங்க என்று எடுத்தால் கூட, அந்தத் தொழில் கிழமைக்குக் கிழமை காசு தருமா என்று கணக்குப் போட வேண்டும். கல்யாணச் செலவுக்கு எடுத்தவளுக்கு வழியே இல்லை. வசூலுக்கு வருகிற நாளில் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருக்கிற வாழ்க்கையை லயத்தில் பார்த்திருக்கிறாய்.

அதைவிட மோசமானது பிணைக் கையெழுத்து. அத்தை மகன் வருவான், பக்கத்து வீட்டு அக்கா வருவாள், 'சும்மா ஒரு சைன்தான்' என்பார்கள். பிணைக்காரியின் பெயரும் கிரிப் எனப்படும் கடன் தகவல் பணியகத்தில் பதிவாகும். அவர்கள் கட்டாவிட்டால் நாளைக்கு உன் வீட்டுக் கடனுக்கு வங்கி கையை விரிக்கும். உன் கிரிப் அறிக்கையை நீயே கட்டணம் கட்டி எடுத்துப் பார்க்கலாம். மாப்பிள்ளையுடையதையும் சேர்த்து ஒரு தடவை எடுங்கள். கல்யாணத்துக்கு முன்பே பார்த்திருக்க வேண்டியது, ஜாதகத்தோடு. பிணை கேட்டு வருகிறவர்களுக்குச் சொல்லப் பொய் தேட வேண்டாம். 'நாங்க வீட்டுக் கடனுக்குப் போட்டிருக்கிறோம், பேங்க்கில் வேற சைன் வைக்க வேணாம்னு சொல்லிட்டாங்க' என்று நானே எல்லோரிடமும் சொல்கிறேன். கடனுக்குப் போடுகிற எண்ணம் உண்மைதானே. கோபித்துக்கொள்வார்கள், கோவில் திருவிழாவுக்குள் சரியாகிவிடும்.

சேர்க்கிற காசு

தங்கம் கேட்டாய். சேமிப்புக்காக வாங்குவதானால் நகையாக வாங்காதே. செய்கூலியும் சேதாரமும் கடையோடு நின்றுவிடும், விற்கும்போது திரும்பாது. போட்டு அழகு பார்க்க ஆசையா, வாங்கு, ஆனால் அதைச் சேமிப்பு என்று பெயர் வைக்காதே. அடகு வைக்கிற நிலை வந்தால் இரண்டு விஷயம். பவுனுக்கு எவ்வளவு தருவார்களோ அவ்வளவையும் எடுக்காதே, தேவையான தொகையை மட்டும் சொல்லி எடு. இரண்டாவது, மாலை, காப்பு, தோடு எல்லாவற்றையும் ஒரே சீட்டில் வைக்காமல் தனித்தனிச் சீட்டாக வை. கையில் கொஞ்சம் காசு வரும்போது ஒவ்வொன்றாக மீட்கலாம். ஒரே சீட்டு என்றால் முழுத் தொகையும் சேரும்வரை வட்டி ஓடும், கடைசியில் ஏலத்துக்குப் போகும். தவணைத் திகதியை ஃபோனில் அலாரமாகப் போடு.

சீட்டு நல்லதுதான், பிடிக்கிறவரைத் தெரிந்தால். பத்துப் பேருக்கு மேல் சேர்ந்த சீட்டில் நான் சேர மாட்டேன்.

வட்டி கூடத் தருகிறோம் என்று வருகிற ஃபைனான்ஸ் கம்பனியில் போடுவதானால், மத்திய வங்கியின் உரிமம் பெற்ற நிறுவனங்களின் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார். பெயர் இருந்தாலும் அதோடு விட்டுவிடாதே. தி ஃபினான்ஸ் கம்பனிக்கும் ஈ.ரி.ஐ. ஃபினான்ஸுக்கும் உரிமம் இருந்தது, இரண்டையும் 2020இல் ரத்துச் செய்தார்கள். வைப்புக் காப்புறுதி, ஒருவருக்கு ஒரு நிறுவனத்தில் 11 இலட்சம் ரூபாய் வரைதான். அதற்கு மேல் போகிறதென்றால் வேறு வங்கியில் பிரித்துப் போடு. 'இரண்டு பேரைச் சேர்த்துவிடு, டொலரில் காசு வரும்' என்பதெல்லாம் வங்கிச் சட்டத்தின் 83சி பிரிவின்படி குற்றம். உன் கூட வேலை செய்த பிள்ளை சேரச் சொல்லிக் கூப்பிட்டால் அவளையும் சேர்த்துத் தடுத்து நிறுத்து.

ஊழியர் சேமலாப நிதி பற்றிக் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டும். கல்யாணத்துக்காக வேலையை விட்ட பெண் தன் நிதியை முன்கூட்டியே எடுக்கலாம் என்று சட்டம் இருக்கிறது. கட்டுநாயக்கவில் உன் கூட இருந்த பிள்ளைகள் எல்லோரும் எடுத்து அலுமாரியும் மெத்தையும் வாங்கியிருப்பார்கள். நீ எடுக்காதே. உன் சம்பளத்தில் 8 வீதம், முதலாளி போட்ட 12 வீதம், வட்டியோடு பெண்களுக்கு ஐம்பது வயதில் கையில் வருகிற காசு அது. இப்போது எடுத்தால் இரண்டு வருஷத்தில் அலுமாரிக் கதவு தொங்கும், காசும் இருக்காது. புதிதாகச் சேர்ந்த துணிக்கடையில் உனக்கு நிதி கட்டுகிறார்களா என்று முதல் மாசமே கேள். டவுனில் எத்தனையோ கடைகளில் சம்பளம் கையில் கொடுத்து, சம்பளச் சீட்டும் இல்லை, நிதியும் இல்லை. சம்பளம் இரண்டாயிரம் குறைவானாலும், நிதியும் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியின் 3 வீதமும் கட்டுகிற இடம்தான் கூடத் தருகிற இடம். அங்கத்தவர் இலக்கத்தை வாங்கி வை.

கடையும் மருந்தும்

சாமான் வாங்குவது பற்றி உனக்கு நான் சொல்லித்தர ஒன்றும் இல்லை, அம்மாவிடம் படித்தவள் நீ. மார்க்கெட்டின் முன்பக்கக் கடைகளில் வெள்ளைக்காரனுக்குச் சொல்கிற விலையை உனக்கும் சொல்வார்கள், தமிழோ சிங்களமோ பேசிக்கொண்டு உள்ளே போ. பெரஹரா கிழமைகளில் டவுனுக்குள் வாங்காதே, முன்பே வாங்கி வை. பொதியில் அச்சிட்ட விலைக்கு மேல் கேட்டால் 1977க்கு அழைத்து நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையிடம் சொல்லலாம். பில் கேட்டால் கொடுக்க வேண்டியது அந்த அதிகாரசபையின் 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி கடைக்காரரின் கடமை. கார்டில் கட்டினால் 3 வீதம் கூட என்று சொல்கிறவர்களிடம், மத்திய வங்கி அதை அனுமதிக்கவில்லை என்று மெதுவாகச் சொல். பாதிப் பேர் உடனே விட்டுவிடுவார்கள்.

மருந்து வேறு. பேராதனை மருத்துவ பீடத்தின் பீடாதிபதியாக இருந்த செனக பிபிலே, 1971இல் அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனம் தொடங்கியபோது அதன் முதல் தலைவரானார். கம்பனிப் பெயர் எதுவானாலும் உள்ளே இருக்கிற மருந்து ஒன்றுதான், அதன் பொதுப் பெயரைச் சொல்லி வாங்கினால் ஏழைக்கும் கட்டுப்படியாகும் என்று நாட்டுக்கே காட்டிக் கொடுத்தவர். அந்தக் கொள்கையின் வழியில்தான் 2015இல் மருந்துச் சட்டம் வந்தது. டாக்டர் எழுதிய சீட்டில் பொதுப் பெயர் இருக்கிறதா என்று பார், இல்லாவிட்டால் அங்கேயே கேட்டு எழுதி வாங்கு. அந்தக் கூட்டுத்தாபனத்தின் மருந்துக் கடையான ஒசுசலவில் விலையைக் கேட்டுவிட்டு மற்ற இடத்துக்குப் போ. மாப்பிள்ளையின் அம்மாவுக்கு மாசாமாசம் சீனி வருத்தத்துக்கும் பிரஷருக்கும் மருந்து வேண்டும் என்றாய். கண்டி தேசிய வைத்தியசாலையில் கிளினிக் கொப்பி போட்டால் அந்த மருந்து இலவசம். ஒரு காலை வேளை வரிசையில் போகும், ஆனால் வருஷம் முழுக்கப் போகிற காசு நிற்கும். பல் வலிக்கு பேராதனைப் பல் போதனா வைத்தியசாலை இருக்கும்போது கடன்பட்டு வேறிடம் போகாதே.

காசைப் பிடித்துப் பிடித்து வைக்கச் சொல்கிறேன் என்று நினைத்துவிடாதே. சில இடத்தில் கஞ்சத்தனம் பார்த்தால் நஷ்டம். இந்த ஊர் ஏற்றத்துக்கும் மழைக்கும் வழுக்காத நல்ல சப்பாத்து, உடையாத குடை, முதுகு வலிக்காத மெத்தை, அடிபிடிக்காத ஒரு பிரஷர் குக்கர் ஆகியவற்றில் மலிவு பார்க்காதே. மூன்று மாசச் செலவுக் காசை எடுக்கத் தோன்றாத ஒரு கணக்கில் போட்டு வை. கொவிட், 2022, புயல் என்று ஆறு வருஷத்துக்குள் மூன்று தடவை அது தேவைப்பட்டது.

மாப்பிள்ளை ஆட்டோ ஒன்றை லீசிங்கில் எடுத்துப் பின்னேரங்களில் ஓட்டப் பார்க்கிறார் என்று எழுதியிருந்தாய். வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், உழைக்கிற சாமான் அது. வாகன இறக்குமதியை 2020இல் நிறுத்திய பிறகு பழைய ஆட்டோவின் விலை எங்கேயோ போனது என்பதை மனதில் வைத்துக்கொண்டு கணக்குப் போடச் சொல். தவணை, பெட்ரோல், டயர், இன்சூரன்ஸ், வருமான அனுமதிப்பத்திரம், சர்வீஸ் எல்லாவற்றையும் எழுதி, மழையாலும் காய்ச்சலாலும் வண்டி ஓடாத நாட்களை மாசத்தில் ஆறு என்று கழித்து, மிச்ச நாளில் ஒரு நாளைக்கு எவ்வளவு ஓடினால் கட்டும் என்று பார்க்கட்டும். நம்ம ஸ்டாண்டில் இடம் கிடைக்குமா என்றும் முதலில் விசாரிக்க வேண்டும், அது இல்லாமல் வண்டி எடுத்து வாசலில் நிறுத்தி வைத்தவர்கள் உண்டு. இரண்டு தவணை தவறினால் என்ன நடக்கும் என்று பத்திரத்தில் எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறது என்பதைக் கண்டுபிடித்து அடிக்கோடு போடச் சொல். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் பகல் சாப்பாட்டுக்கு வாருங்கள், அந்தக் காகிதத்தையும் எடுத்துக்கொண்டு. கையெழுத்து வைத்துவிட்டு எடுத்து வர வேண்டாம்.

அக்கா